ஷார்ஜாவில் கிடைத்த வேலப்பன்

போன வாரம் செங்கொடியைப் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள். கால் கடுக்கும். முதலில் அவளை உள்ளே கூப்பிடுவோம்.

அதற்கு முன், நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு, எங்கள் பிளாக்கின் இரண்டாவது மாடி. அங்கே கன்னியம்மாதான் ராணி. ராயபுரம் கிடங்குகளில் இருபத்தெட்டு வருஷம் சாக்குத் தைத்த கை. கப்பல் சங்கோடு போட்டி போட்டு வளர்ந்த தொண்டை. அவள் மாடியில் தும்மினால் எண்ணூரில் மீன் கலையும். புருஷன் வேலப்பன் பதினொரு வருஷத்துக்கு முன்பே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய மகன் செங்குட்டுவன் டிரெய்லர் ஓட்டுகிறான். புதன்கிழமை எண்ணூர் நெடுஞ்சாலை கன்டெய்னர் வரிசையில் மாட்டியவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்த வரிசையில் நின்றே ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, குழந்தைக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

சின்ன மகன் டில்லிபாபு ஷார்ஜாவில் வெல்டர். கப்பல் பழுது பார்க்கிற யார்டில் வேலை. நாற்பத்தெட்டு நாளுக்கு முன்னால் அவன் போனில், "வெயில் தாங்கலம்மா, வந்துர்றேன்" என்றான். கன்னியம்மா, "ஒப்பந்தம் முடியாம வந்து நின்னீனா வாசப்படி மிதிக்காத. இந்த ஒப்பாரிக்குன்னா போனே பண்ணாத" என்றாள்.

அவனும் பண்ணவில்லை. அன்றிலிருந்து ஒரு மணி ஓசை இல்லை.

செங்குட்டுவனின் மனைவிதான் செங்கொடி. ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். மாமியாருக்குத் தெரியாமல் அவள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். வலைப்பூ எழுதினாள். அது கம்ப்யூட்டரில் எழுதுகிற டைரி; ஆனால் பூட்டு கிடையாது, உலகமே படிக்கலாம். வலைப்பூவுக்குப் பெயர் 'ரெண்டாவது மாடி'. எழுதுகிறவள் பெயர் 'மாடிவீட்டுக்காரி'. ஹவுசிங் போர்டில் குடியிருந்துகொண்டு அப்படிப் பெயர் வைத்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். எனக்கு அந்தப் பெண்ணிடம் பிடித்ததே அதுதான்.

போன வாரம், நாற்பத்தோராவது நாளில், 'நாற்பத்தொரு நாள்' என்று ஒரு பதிவு எழுதி, அடியில் வீட்டு போன் நம்பரையும் போட்டாள். படித்த மூன்று பேர், ஷார்ஜா பக்கத்து ஆட்கள், 'வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு, தேடிப் பார்க்கிறோம்' என்று ஆளுக்கொரு புனைபெயரில், பதிவுக்கு அடியில் பின்னூட்டம் போட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

* * *

மத்தியானம் ஒரு மணிக்குக் கன்னியம்மா வீட்டில் போன் அடித்தது. அடித்த வேகத்தைவிட அவள் எடுத்த வேகம் அதிகம்.

"நைனா!"

"ஹலோ, மாடிவீட்டுக்காரி இருக்காங்களா?"

"யார்ரா நீ?"

"ஒட்டகப்பால் பேசறேங்க."

"இன்னா பாலு?"

"ஒட்டகப்பால். அஜ்மான்லேர்ந்து."

"எங்களுக்கு மாதவரத்துப் பாலே போதும். வையி போன!"

வைத்த கை எடுக்கவில்லை, மறுபடி மணி.

"அம்மா, நீங்கதான் கன்னியம்மாவா? போனைத் துணி போட்டு மூடி வைப்பீங்களே, அந்த அம்மாவா?"

கன்னியம்மா போனுக்குப் போட்டிருந்த பூப்போட்ட துணியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எதிர் பிளாக் மொட்டைமாடியில் எவனாவது நிற்கிறானா என்றும் எட்டிப் பார்த்தாள். காக்கா ஒன்றுதான் நின்றது.

"எவன்டா நீ? எங்கேர்ந்து பாத்துகினு கீற?"

"பாக்கலைங்க, படிச்சேன். சர்க்கரை டப்பாவை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வைப்பீங்களாமே, உங்க மருமக ரொம்ப நல்லா எழுதறாங்கம்மா. கம்ப்யூட்டர்ல…"

ரிசீவர் நங்கென்று போன் மேல் விழுந்தது. கன்னியம்மா படியிறங்கினாள். அவள் இறங்கியதில் முதல் மாடியில் என் வீட்டுக் காலண்டர் ஆணியோடு கழன்று வந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் வந்து ஆணியைப் பார்க்கலாம்.

* * *

அஜீசுன்னிசாவின் பிரவுசிங் சென்டர் அடுத்த தெருமுனையில். ஆறு கம்ப்யூட்டர், நாலு ஓடும், ஒன்றில்தான் தமிழ் வரும். அந்த ஒன்றின் முன்னால் செங்கொடி காலையிலிருந்து நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. 'பாலைவனப் பனங்கிழங்கு' எழுதியிருந்தார்: 'மூன்று தொழிலாளர் கேம்ப் தேடி முடித்துவிட்டேன். எங்கேயும் டில்லிபாபு என்று ஆள் இல்லை சகோதரி.'

கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"மே, செங்கொடி! எய்ந்து வாமே வெளியே!"

"அத்தை…"

"அஜ்மான்ல கீறவனுக்கு என் வூட்டு சக்கர டப்பா எப்டிமே தெரியும்?"

அஜீசுன்னிசா கல்லாவிலிருந்து எழுந்தார். "கன்னிமா, கொஞ்சம் மெதுவா. மூணாம் நம்பர்ல ஒரு பொண்ணு பரீட்சைக்கு மனு போட்டுட்டிருக்கு."

"பாயம்மா, நீ குறுக்க வராத. உனக்கும் தெரியுமா இந்தக் கூத்து?"

"தெரியாம? நான் தினம் படிக்கிறேனே. நீ தண்ணி லாரிக்காரனை ஓட விட்ட கதையை மூணு தடவை படிச்சேன்."

கன்னியம்மாவுக்கு ஒரு நொடி முகம் மலர்ந்தது. உடனே கட்டுப்படுத்திக்கொண்டாள். "என் மானத்த கப்பலேத்திட்டியேமே. எத்தினி ஆயிரம் பேருக்கு முன்னால!"

"டில்லியைத் தேடத்தான் அத்தை நம்பர் குடுத்தேன்."

"அவன தேடச் சொல்லி எவ கேட்டா? ரோசத்துல கீறான். ரோசம் தீந்தா தானா பண்ணுவான். அவன் என் புள்ள, எனக்குத் தெரியாதா?"

செங்கொடி மவுசைத் தட்டினாள். திரையில் பக்கம் புதிதாக விரிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக, மாமியார் வீட்டுக்கு வந்த மணப்பெண் மாதிரி தயங்கித் தயங்கி வரும்.

'காசிமேட்டுக்காரி' எழுதியிருந்தாள். உண்மைப் பெயர் ஃப்ளோரன்ஸ், ஷார்ஜாவில் நர்ஸ். செங்கொடி சத்தமாகப் படித்தாள்.

"அக்கா, ஆண்கள் எலும்பு வார்டு ரெஜிஸ்டர் முழுக்கப் பாத்துட்டேன். டில்லிபாபுன்னு யாருமே இல்ல. ஆனா பதினேழாம் கட்டில்ல கொருக்குப்பேட்டைக்காரர் ஒருத்தர் இருக்கார். இருபத்தாறு நாளா படுத்திருக்கார். தொடை எலும்பு முறிவு. ஊருக்குச் சொல்லணுமான்னு கேட்டா சுவர் பக்கம் திரும்பிக்கிறார். பேரு… வேலப்பன்."

கன்னியம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னா பேரு சொன்ன?"

"வேலப்பன், அத்தை."

"அடிப்பாவி! மூலக்கொத்தளத்துக்கு அனுப்பி பதினோரு வருசம் ஆச்சு. அந்த மனுசன் எப்டிமே ஷார்ஜா போனாரு? உசுரோட கீறப்பவே மாதவரம் தாண்டுனது இல்லியே!"

அஜீசுன்னிசா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "செங்கொடி, உன் கொழுந்தனுக்குப் பாஸ்போர்ட்ல பேரு எப்படி இருக்கு?"

"வேலப்பன் டில்லிபாபு."

"அப்பா பேரு முன்னாடியா? யாரு அப்படிப் போடச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் கன்னியம்மா. "ஏஜென்ட்டு பின்னால போடலாம்னான். அது எப்டி? வி. டில்லிபாபுன்னா வி முன்னாடிதானே நிக்குது? பெத்த அப்பன பின்னால நிக்க வெப்பியாடான்னு கேட்டேன். மூடிகினு எய்தினான்."

"அங்கே முன்னாடி நிக்கிறதுதான் கன்னிமா ஆளோட பேரு. எங்க வீட்டுக்காரரு ஹபீபுல்லாவ ஜித்தாவுல பத்து வருஷம் எங்க மாமனாரு பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. லீவுல வந்தப்போ பெத்த தாய் ஹபீபுன்னு கூப்பிட்டா மனுஷன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

செங்கொடி எழுந்தே விட்டாள். "அத்தை… காலைலேர்ந்து எல்லாரும் டில்லிபாபு டில்லிபாபுன்னு கேட்டுட்டு அவன் பக்கத்துலயே நடந்து போயிருக்காங்க."

கன்னியம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவள் கேட்ட அடுத்த கேள்வி என் வீட்டுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்த செங்கொடிக்கே பாதிதான் கேட்டது.

"எந்தக் காலாம்?"

* * *

செங்கொடியின் விரல்கள் அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் ராயபுரம் கிளியரிங் ஏஜென்ட் சம்பளம் கூட்டியிருப்பார். 'இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா பார், ஃப்ளோரன்ஸ்.'

ஆறு நிமிஷம். அஜீசுன்னிசா கன்னியம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். மூணாம் நம்பர் பெண்ணும் தன் மனுவை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றுகொண்டாள்.

பதில் வந்தது.

'இருக்கு அக்கா! டில்லின்னு கூப்பிட்டேன், சடார்னு திரும்பினார். அவரேதான். ஆனா போன் பேச மாட்டேங்கிறார். எங்கம்மா பண்ணாதேன்னு சொல்லியிருக்காங்கன்றார். என்ன சொல்லியும் அசையல. கடைசியா ஒரு வழி. உங்க நாற்பத்தொரு நாள் பதிவை பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். போய்ப் படிச்சுக் காட்டப்போறேன்.'

கன்னியம்மா நிமிர்ந்தாள். "இன்னாத்த படிச்சுக் காட்டப்போறா?"

செங்கொடி உதட்டைக் கடித்தாள்.

"இன்னாமே எய்தி வெச்ச என்னிய பத்தி? படி."

"அத்தை, கோச்சுக்கக் கூடாது."

"படிமே!"

செங்கொடி படித்தாள்.

"என் மாமியார் மகனிடம் போன் பண்ணாதே என்று சொன்னார். சொன்ன நாளிலிருந்து போனை விட்டு நகரவில்லை. தண்ணி லாரி வந்தால் முதல் குடத்தோடு ஓடுகிறவர் இப்போது என்னை அனுப்புகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் கேட்டால் ரிப்பேர் என்கிறார். எல்லோரும் போன பிறகு எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறார், உயிர் இருக்கிறதா என்று. தினம் இரண்டு தடவை துடைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுத்தார். ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தையை அவரே திரும்பக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டில்லி, இதை நீ படிக்க மாட்டாய். படிக்கிற யாராவது அவனிடம் சொல்லுங்கள். அவன் அம்மா அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்."

கன்னியம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான் என்பதுபோல் கழுத்தையும் சேர்த்துத் துடைத்தாள்.

"சக்கர டப்பாவும் இதுல கீதா?"

"இல்லத்தை. அது வேற பதிவு."

"அது மட்டும் நீ அழிச்சிரணும்."

"சரி அத்தை."

"தண்ணி லாரி இருந்துட்டுப் போவட்டும்."

நான் கேட்கிறேன், பத்து வருஷம் ஒரே சமையலறையில் நின்றும் இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் இவ்வளவு நேராகப் பார்த்துக்கொண்டதுண்டா? ஒரு மருமகள் மாமியாரைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதி, கடைசியில் மாமியாருக்கே மாமியாரைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். இதற்கு ஒரு மெடல் அடித்துக் கொடுக்கலாம். அடிக்கிற செலவை நானே ஏற்கிறேன்.

அப்போதுதான் அஜீசுன்னிசா கேட்டார். "ரெண்டு பேரும் இங்கே உக்காந்திருக்கீங்களே, அந்தப் புள்ள போன் பண்ணா வீட்ல யாரு எடுப்பா?"

* * *

கன்னியம்மாவின் வயது ஐம்பத்தெட்டு என்று ரேஷன் கார்டு சொல்கிறது. அன்று அந்தத் தெருவில் ஓடியது பதினெட்டு வயசு. ஆட்டோ ஒன்று ஒதுங்கியது. நாய் ஒன்று துரத்தலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாமென்று படுத்தது. செங்கொடி பின்னால் வந்தாள், இரண்டு பேருடைய செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு.

படியேறும்போதே மணி அடித்தது. துறைமுகத்தில் கிரேன் பக்கத்தில் நின்று நின்றே பாதி செவிடான என் காதுக்கே கேட்டது. நானும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். பிளாக்கே வந்துவிட்டது.

ரிசீவரில் ஒரு பக்கம் கன்னியம்மாவின் காது, மறுபக்கம் செங்கொடியின் காது.

"ம்மா…"

கன்னியம்மா வாயைத் திறந்தாள். அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. பிளாக் கட்டியதிலிருந்து முதல் தடவை.

"ம்மா, கீறியா?"

"ஏன்டா கய்தே" என்று வந்தது கடைசியில், "உங்கப்பன் பேர வெச்சிகினு அங்க இன்னாடா படுத்துகினு கீற?"

அந்தப் பக்கம் சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்தது.

"எந்தக் காலு?"

"வலது. ராடு வெச்சிக்கீறாங்க. நடந்துருவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்டி வியுந்த?"

"கப்பல் வயித்துக்குள்ள வெல்டிங் பண்ணிகினு இருந்தேன்மா. சாரம் சரிஞ்சிச்சு. போனும் என்னோட வியுந்து தண்ணில போச்சு."

"இருபத்தாறு நாளு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடா?"

"நீதானே பண்ணாதன்னு சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன்டா! நீ எப்ப என் பேச்ச கேட்ட? பீடி குடிக்காதன்னேன், கேட்டியா? அந்தப் பசங்களோட சுத்தாதன்னேன், கேட்டியா? பொறந்ததிலேர்ந்து ஒண்ணு கேக்கல, இத ஒண்ண மட்டும் கேட்டுகினியா?"

மாடிப்படியில் நின்ற எங்களில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கினோம். நான் தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ம்மா, அந்த நர்ஸம்மா போனு இது. கார்டுல காசு முடியப்போவுது. அண்ணி பக்கத்துல கீறாங்களா? ஒண்ணு கேக்கணும்."

"இருக்கேன் டில்லி, சொல்லு" என்றாள் செங்கொடி.

"இன்னிக்கி சாயங்காலம் நாலு மணிக்கு கம்பெனி ஆளு வரான் அண்ணி. ஒரு பேப்பர்ல கையெய்த்து கேக்கறான். ரூம்ல கட்டில்லேர்ந்து வியுந்துட்டேன்னு அதுல எய்திக்கீது. போட்டா வர்ற வாரமே ஊருக்கு அனுப்பிருவானாம். போடலன்னா எப்பன்னு தெரியாது. நான்… போடட்டுமா?"

பதில் சொல்ல செங்கொடி மூச்செடுத்தாள். கிர்ரென்று ஒரு சத்தம். போன் செத்தது.

வந்த நம்பரைக் காட்டுகிற போன் இல்லை அது; திரும்பக் கூப்பிட வழியில்லை. ஃப்ளோரன்ஸின் நம்பரை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

"இன்னாமே பேப்பர் அது?" என்றாள் கன்னியம்மா.

செங்கொடி காகிதங்களோடு புழங்குகிறவள். நிதானமாகச் சொன்னாள். "வேலை செய்யற இடத்துல விழல, தானா விழுந்தேன்னு எழுதிக் குடுக்கறது அத்தை. போட்டா அவன் அடுத்த வாரம் இங்க இருப்பான். ஆனா கால் சரியாகலன்னா அப்புறம் யாரையும் ஒரு கேள்வி கேக்க முடியாது. சாரம் சரிஞ்சதும் இல்லன்னு ஆயிடும். அதுல வேற யாராவது ஏறுவாங்க."

"அடுத்த வாரமா?"

"ஆமா."

கன்னியம்மா வாசலைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு நாளாகப் பார்த்த வாசல். ஏழே நாளில் அதில் மகன் நிற்பான், நொண்டிக்கொண்டாவது நிற்பான். தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும்.

அவள் எழுந்தாள்.

"வாமே."

"எங்க அத்தை?"

"உன் கம்ப்யூட்டருக்கு. அந்தப் பொண்ணு படிப்பா இல்ல? போடாதன்னு எய்து. பெருசா எய்து. உங்கம்மா சொன்னான்னு எய்து. இந்தத் தபாவும் அவன் என் பேச்ச கேக்கணும்."

இறங்கினார்கள். வழி விட்டோம். தெருமுனை வந்ததும் அஜீசுன்னிசா சென்டர் வாசலில் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு நின்றிருந்தார்.

"கரண்ட் போச்சு கன்னிமா. மூலக்கொத்தளம் வரைக்கும் இல்லையாம். சாயங்காலம் ஆகுமாம்."

மணி ரெண்டு. ஷார்ஜாவில் பன்னிரண்டரை.

"ராயபுரத்துல கீதா?"

"அங்க இருக்கும்" என்றாள் செங்கொடி. "எங்க ஆபீஸ்ல தமிழும் வரும். ஆனா அத்தை… காலைல காய்ச்சல்னு சொல்லி லீவு வாங்கிருக்கேன். முதலாளி வாசல்லயே உக்காந்திருப்பாரு."

கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். மருமகள் கையிலிருந்து செருப்பை வாங்கி மாட்டினாள். அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"கொதிக்குது. காய்ச்சலோடவே வேலைக்கு வந்துட்டேன்னு சொல்லு. நட!"